கொல்லாத 8,000 வோல்ட்

தாழத் தொங்கிய 11,000 வோல்ட் மின்கம்பியில் பட்டு ஒடிசாவின் தேன்கனால் மாவட்டம் கமலங்கா கிராமத்தருகே 2018 அக்டோபரில் ஏழு யானைகள் மாண்டன. தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே 2023 மார்ச்சில் மூன்று யானைகள் இறந்தன. அங்கே உயர் அழுத்தக் கம்பி எதுவும் இல்லை. தோட்டத்து மின்சாரத்தை நேரடியாகப் பாய்ச்சிய வேலி. ஆனால், காட்டோரங்களில் முறைப்படி அமைத்த சோலார் வேலிகளில் 8,000 வோல்ட் வரை ஓடுகிறது. தொட்ட யானை பிளிறிக்கொண்டு திரும்பி நடக்கிறது.

உயிரைப் பறிப்பது வோல்ட் மட்டுமல்ல. உடலுக்குள் எவ்வளவு மின்னோட்டம், எவ்வளவு நேரம் பாய்கிறது என்பதுதான். 230 வோல்ட் வீட்டு மின்சாரம் இடைவிடாமல் பாயும். தசைகள் இறுகிப்போவதால் பிடித்த கையை விடுவிக்க முடியாது. இதயம் தாளம் தப்பும்.

வேலியின் 'எனர்ஜைசர்' இந்த வேலையை வேறு விதமாகச் செய்கிறது. 12 வோல்ட் பாட்டரியின் மின்சாரத்தைச் சிறிய இன்வெர்ட்டர் சுற்று சில நூறு வோல்ட்டாக உயர்த்தி ஒரு கெபாசிட்டரில் சேமிக்கிறது. அது நிரம்பியதும் டைமர் தூண்ட, தைரிஸ்டர் என்னும் மின்னணுக் கதவு திறக்கிறது. சேமிப்பு முழுவதும் ஒரே பாய்ச்சலில் டிரான்ஸ்ஃபார்மருக்குள் இறங்கி, மறுபக்கம் பல ஆயிரம் வோல்ட்டாக வேலிக்குப் போகிறது. 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை 600 வோல்ட்டுக்கு ஏற்றினால் கிடைப்பது 1.8 ஜூல் மட்டுமே. குறைந்த மின்னோட்டம் என்று பொதுவாகச் சொன்னாலும், துடிப்பின் உச்சத்தில் சில ஆம்பியர்கூடப் பாயலாம். ஆனால் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் எல்லாம் முடிந்துவிடும். அடுத்த துடிப்புக்கு முன் விலகிக்கொள்ள அவகாசம் உண்டு.

வடிவமைப்பாளரின் பொறுப்பு இங்குதான் கூடுகிறது. இந்தியத் தரமான ஐ.எஸ். 302-2-76, 500 ஓம் தடையில் ஒரு துடிப்புக்கு 5 ஜூல், நொடிக்கு ஒரு துடிப்பு, துடிப்பின் நீளம் 10 மில்லிநொடி என உச்சவரம்பு வைக்கிறது. ஏதேனும் ஒரு பாகம் பழுதானாலும் தொடர் மின்சாரம் வேலிக்குப் போகாதபடி சுற்று அமைய வேண்டும். மெக்கானிக் கடையில் தேறும் உதிரிகளைக் கொண்டு ஒப்பேற்றக்கூடிய சமாச்சாரம் அல்ல இது. தமிழ்நாட்டில் 2023-ல் வந்த விதிகள் மின்வேலிகளைப் பதிவு செய்வதையும் கட்டாயமாக்கின.

இத்தனைக்குப் பிறகும் வேலியைச் சமாளிக்க யானைகள் கற்றுக்கொள்கின்றன. தந்தத்தில் மின்சாரம் எளிதில் பாயாது; அதைக் கொண்டே கம்பியை அறுக்கின்றன. மரத்தைச் சாய்த்து வேலிமேல் போடுகின்றன. விவசாயிக்கு இதைவிடத் தினசரித் தொல்லை புல்தான். மழைக்காலத்தில் கம்பியைத் தொடும் ஒவ்வொரு புல்லும் துடிப்பைத் தரையில் கசியவிடும். புல்லை வெட்ட ஆள் வேண்டும். பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். எர்த் கம்பியைச் சுற்றி ஈரம் காயக் கூடாது. இவற்றில் ஏதாவது ஒன்று தவறி வேலி செத்துப்போன இரவில், கதிர் முற்றிய வயலின் ஓரத்தில் யானை நிற்கும்போதுதான், பம்ப் செட்டிலிருந்து ஒரு ஒயரை இழுத்து வேலியில் மாட்டிவிடத் தோன்றுகிறது.