நீக்கினார்கள், காரணம் சொன்னார்களா?

1972 ஜூன் 8. தென் வியட்நாமின் ட்ராங் பாங் கிராமத்தில் நேபாம் குண்டு விழுந்தது. உடுத்திய துணி எரிந்துபோய், வெந்த உடம்போடு ஒன்பது வயதுச் சிறுமி கிம் ஃபுக் சாலையில் அலறியபடி ஓடிவந்தாள். அந்தக் காட்சியைப் பதிவுசெய்த படம் ஏபி செய்தி நிறுவனத்தின் மேசைக்கு வந்தபோது தயக்கம் எழுந்தது. நிர்வாணப் படம் கூடாது என்பது அங்கே விதி. இந்தப் படத்துக்காக விதியைத் தளர்த்த வேண்டும் என்று ஆசிரியர்கள் வாதாடி வெளியிட வைத்தார்கள். அடுத்த ஆண்டு அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

படம் வெளியாகி 44 ஆண்டுகள் கழித்து, நார்வே எழுத்தாளர் டோம் எகெலான்ட் போர்ப் படங்களைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதி, இந்தப் படத்தையும் சேர்த்தார். படம் நீக்கப்பட்டது, அவர் கணக்கும் சில நாள் முடக்கப்பட்டது. இதைச் செய்தியாக்கிய ‘ஆஃப்டன்போஸ்டன்’ நாளிதழின் பக்கத்திலிருந்தும் படம் போனது. அதன் ஆசிரியர் எஸ்பன் எகில் ஹான்சன், மார்க் சக்கர்பெர்க்குக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி முதல் பக்கத்தில் போட்டார். நார்வேயின் அன்றைய பிரதமர் எர்னா சூல்பர்க் தன் பக்கத்தில் படத்தைப் பகிர்ந்தார். அதையும் நீக்கினார்கள். கண்டனம் வலுத்த பிறகே, 2016 செப்டம்பர் 9 அன்று, படத்தின் வரலாற்று முக்கியத்துவத்தை ஏற்று ஃபேஸ்புக் அதைத் திரும்ப அனுமதித்தது.

ஏபியிலும் ஃபேஸ்புக்கிலும் இருந்த விதி ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஏபியில் சிலர் அந்தப் படத்தின் முன் உட்கார்ந்து யோசித்தார்கள். ஃபேஸ்புக்கை அப்படி யோசிக்கவைக்க ஒரு நாளிதழும் ஒரு பிரதமரும் தேவைப்பட்டார்கள். பிரதமர் துணைக்கு வராத சாமானியரின் பதிவு நீக்கப்பட்டால் அவர் யாரிடம் போய்க் கேட்பது?

பதிவுகளைப் பார்த்து, விடுவதா நீக்குவதா என்று முடிவு செய்யும் இந்த வேலைக்குத் தமிழ் இணையத்தில் மட்டுறுத்தல் என்று பெயர். தனியார் நிறுவனத்துக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் கருத்துரிமையைக் காக்கிறது. ஆனால் அது கட்டிப்போடுவது அரசின் கையைத்தான். தனியார் நிறுவனத்தை அல்ல. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தும் நிறுவனங்களுக்கு 1995இல் நியூயார்க் நீதிமன்றம் ஒரு வினோதமான சிக்கலை உண்டாக்கியது. பிராடிஜி என்ற இணையச் சேவை தன் பயனர்களின் பதிவுகளை மட்டுறுத்தி வந்தது. அதனாலேயே, யாரோ எழுதிய அவதூறுக்கு அந்த நிறுவனமும் வெளியீட்டாளராகப் பொறுப்பேற்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. எதையும் கண்டுகொள்ளாத கம்ப்யூசர்வ் நிறுவனமோ 1991இலேயே இதுபோன்ற ஒரு வழக்கில் தப்பித்திருந்தது. வாசலைச் சுத்தம் செய்தவருக்குத் தண்டனை, குப்பையை விட்டுவைத்தவருக்கு விடுதலை என்ற நிலை.

இதைச் சரிசெய்ய 1996இல் வந்ததுதான் அமெரிக்கத் தகவல்தொடர்புச் சட்டத்தின் 230ஆம் பிரிவு. பயனர் எழுதுவதற்கு நிறுவனம் பொறுப்பல்ல. நல்லெண்ணத்தோடு எதையாவது நீக்கினாலும் அதற்காக வழக்குத் தொடர முடியாது. இன்றைய அமெரிக்கச் சமூக ஊடகங்கள் இந்த அடித்தளத்தில் எழுந்தவை. நிறுவனங்கள் பதிவுகளை நீக்குவதைக் கட்டுப்படுத்த டெக்சாஸும் ஃபுளோரிடாவும் 2021இல் சட்டம் இயற்றின. 2024 ஜூலையில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வழக்குகளைக் கீழ் நீதிமன்றங்களுக்கே திருப்பி அனுப்பியது. ஆனாலும், எதைக் காட்டுவது, எதை விடுவது என்ற தேர்வும் ஒரு கருத்து வெளிப்பாடே என்று நீதிபதி எலினா கேகன் எழுதிய தீர்ப்பு சொன்னது.

அப்படியானால் எதையும் நீக்காமல் விட்டுவிடலாமா? இலங்கை அதற்குக் கொடுத்த விலை பெரிது. 2018 பிப்ரவரி இறுதியில் அம்பாறையில், முஸ்லிம் உணவகம் ஒன்றில் மலட்டு மாத்திரை கலந்து கொடுப்பதாக வதந்தி பரவியது. சில நாள்களில் கண்டி மாவட்டத்தின் திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. முஸ்லிம் பச்சிளம் குழந்தையைக்கூட விடாதீர்கள் என்ற சிங்களப் பதிவு ஒன்றைப் பற்றிப் புகார் செய்தவர்களுக்கு, அது விதிகளை மீறவில்லை என்றே பதில் வந்தது. கடைசியில் அரசு அவசரநிலை அறிவித்து, ஃபேஸ்புக்கையே சில நாள் முடக்கியது. சிங்களம் படிக்கத் தெரிந்த மட்டுறுத்துநர்கள் போதுமான அளவில் இல்லாததும் இந்தத் தோல்விக்கு ஒரு காரணம். 2020 மே மாதம் ஃபேஸ்புக் இதற்காக மன்னிப்புக் கேட்டது.

நார்வேயில் நீக்கக் கூடாததை நீக்கினார்கள். இலங்கையில் நீக்க வேண்டியதை விட்டுவைத்தார்கள். இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றுதான்: பதிவின் மொழியும் சூழலும் தெரிந்த ஒருவர் அதைப் படித்துப் பார்க்கவில்லை.

விதியே தொலைந்துபோனதும் உண்டு. குர்திய இயக்கத் தலைவர் அப்துல்லா ஒஜலான் 1999 முதல் துருக்கிச் சிறையில் இருக்கிறார். அவருடைய தனிமைச் சிறையைப் பற்றிப் பேச வேண்டும் என்று அமெரிக்காவிலிருந்து ஒருவர் இன்ஸ்டாகிராமில் எழுதிய பதிவு 2021இல் நீக்கப்பட்டது. ஆபத்தான நபருக்கு ஆதரவு என்பது குற்றச்சாட்டு. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டாவின் (அன்றைய பெயர் ஃபேஸ்புக்) முடிவுகள் மீதான முறையீடுகளை விசாரிக்கும் மேற்பார்வை வாரியம் வழக்கைக் கையில் எடுத்த பிறகுதான் உண்மை வெளிவந்தது. ஒஜலானின் சிறைச் சூழலைப் பற்றிப் பேசலாம் என்று 2017இலேயே நிறுவனத்துக்குள் ஒரு விதிவிலக்கு இருந்தது. 2018இல் புதிய பரிசீலனை முறைக்கு மாறியபோது அதைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். மூன்று ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை. அந்த விதிவிலக்கு வெளியே யாருக்கும் தெரியாததால், பாதிக்கப்பட்டவர்களாலும் சுட்டிக்காட்ட முடியவில்லை.

அந்த வாரியம் நல்ல முயற்சி. ஆனால் வாசல் குறுகியது. 2020 டிசம்பரில் அது முதல் 6 வழக்குகளை அறிவித்தபோது 20,000க்கு மேற்பட்ட முறையீடுகள் வந்து குவிந்திருந்தன. அந்த ஆறில் ஒன்று, பிரேசிலில் மார்பகப் புற்றுநோயின் அறிகுறிகளை விளக்கிய படங்கள். மென்பொருள் அவற்றை ஆபாசம் என்று நீக்கியிருந்தது. வாரியம் வழக்கை எடுத்ததும் ஃபேஸ்புக் தவறை ஒப்புக்கொண்டு பதிவைத் திரும்பப் போட்டது.

ஆகவே, காரணம் கேட்கும் உரிமையைச் சட்டமே தர வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் அதைச் செய்திருக்கிறது. அங்கே டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின்படி, பதிவை நீக்கினால் எந்த விதியின்கீழ், என்ன காரணத்தால், மென்பொருள் முடிவெடுத்ததா என்பதைப் பயனருக்குச் சொல்ல வேண்டும். மீறும் நிறுவனத்துக்கு உலக வருவாயில் 6 சதவீதம் வரை அபராதம் விழலாம்.

இந்தியாவில் 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது பலருக்கு நினைவிருக்கும். அதே தீர்ப்பின் இன்னொரு பகுதி அவ்வளவாகப் பேசப்படவில்லை. யார் புகார் அனுப்பினாலும் எது நியாயம் என்று நிறுவனமே தீர்ப்பு வழங்கும் நிலை கூடாது. நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்தால் நீக்கினால் போதும் என்றது நீதிமன்றம். நிறுவனங்கள் தம் சொந்த விதிப்படி நீக்குவதை அது தொடவில்லை. அதற்கு 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளும் 2022இல் அவற்றில் செய்த திருத்தமும் ஓரளவு வழிசெய்தன. பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றுக்கும் இந்தியாவில் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். திருத்தத்தின்படி, அவர் முடிவில் திருப்தி இல்லையென்றால் 30 நாள்களுக்குள் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். 2023 ஜனவரியில் மூன்று குழுக்கள் அமைக்கப்பட்டன.

அவற்றை அமைத்தது மத்திய அரசு. அரசை விமர்சித்து எழுதிய பதிவை இழந்தவரும் முறையீட்டுக்கு அங்கேதான் போக வேண்டும்.