பழமைவாதியின் திறந்த வீடு

1955 பிப்ரவரியில், சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில் வசித்த ஓர் அமெரிக்கக் குடும்பத்துக்கு அரசு உத்தரவு வந்தது. மார்ச் 31-க்குள் வெளியேற வேண்டும். ஷாம்பேரி என்ற கத்தோலிக்க மலைக்கிராமத்தில் மதச் செல்வாக்கு செலுத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. ஊர்க்காரர் ஒருவர் புராட்டஸ்டண்ட் ஆகியிருந்தார். பிரான்சிஸ் ஷேஃபர், மனைவி ஈடித், நான்கு பிள்ளைகள், கடைக்குட்டிக்கு இளம்பிள்ளைவாதம். பனியில் வீடு தேடி அலைந்து, பக்கத்து மாநிலமான வோவில், ரோன் பள்ளத்தாக்குக்கு மேலே ஹ்யூமோ என்ற சிற்றூரில் ஒரு மரவீட்டைப் பிடித்தார்கள். புகலிடம் என்று பொருள்படும் ‘லாப்ரி’ அங்கேதான் தொடங்கியது.

பழமைவாதக் கிறிஸ்தவம் நவீனப் பண்பாட்டை எப்படி எதிர்கொண்டது என்று கேட்டால், பலரும் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரசங்கிகளைத்தான் நினைக்கிறார்கள். இந்த மலைவீட்டிலிருந்து தொடங்கினால் வேறு கதை கிடைக்கும்.

ஷேஃபர் கொள்கையில் இம்மியும் விட்டுக்கொடுக்காதவர். வேதாகமம் பிழையற்றது, இயேசு சரீரத்தோடு உயிர்த்தெழுந்தார், இரட்சிப்புக்கு வேறு வழியில்லை என்று கடைசிவரை சொன்னவர். பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி தாராளவாதத்தின் பக்கம் சாய்கிறது என்று கருதி 1929-இல் வெளியேறிய கிரெஷம் மேச்சன், பிலடெல்பியாவில் தொடங்கிய வெஸ்ட்மின்ஸ்டர் கல்லூரியில்தான் ஷேஃபர் படிக்கப் போனார். பிரிந்து வந்தவர்களுக்குள் மறுபடியும் பிரிவு வந்தது. அதிலும் கடும்போக்கினர் பக்கம் நின்று, புதிய கல்லூரிக்கு மாறி, 1938-இல் குருப்பட்டம் பெற்றார்.

அந்த வாழ்க்கைதான் 1951-இல் அவரை உலுக்கியது. சத்தியத்துக்காகப் போராடும் தன் கூட்டத்தாரிடம் ஏன் அன்பு இவ்வளவு குறைவாக இருக்கிறது? வேதம் சொல்லும் கனிகள் எங்கே? ஷாம்பேரியில் மழை பெய்யும் நாட்களில், பழைய வைக்கோல் பரணில் மேலும் கீழுமாக நடந்தபடி யோசித்தார். தான் நம்புவதெல்லாம் உண்மைதானா என்று முதலிலிருந்து பார்க்கப் போவதாக ஈடித்திடம் சொல்லிவிட்டார். மனைவி, பிள்ளைகளோடு அந்நிய நாட்டில், நம்பிக்கையைப் பரப்புவதற்காகவே சம்பளம் வாங்கும் ஒரு மிஷனரி இப்படிச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! மாதக்கணக்கில் நடந்து யோசித்து, அதே விசுவாசத்துக்குத்தான் திரும்பினார். ஆனால் கேள்வி கேட்பவனை விரோதியாகப் பார்க்கும் பழக்கம் அவரைவிட்டுப் போயிருந்தது. லாப்ரியின் அஸ்திவாரம் அந்தப் பரணில் போடப்பட்டது என்றே நான் நினைக்கிறேன்.

யார் வேண்டுமானாலும் வரலாம். நன்கொடை கேட்டு விளம்பரம் கிடையாது. தேவையானதை ஜெபத்தில் கேட்பது என்று முடிவு செய்திருந்தார்கள். வந்தவர்கள் பாதி நாள் படிப்பார்கள், பாதி நாள் வீட்டு வேலையிலும் தோட்ட வேலையிலும் கைகொடுப்பார்கள். சாப்பாட்டு மேசையில் பேச்சு மணிக்கணக்கில் நீளும். நாத்திகர்கள், இருத்தலியம் படித்த ஐரோப்பிய மாணவர்கள், 1960-களில் முதுகுப்பையோடு வந்த ஹிப்பிகள் என்று எல்லோருக்கும் ஈடித் சமைத்துப் போட்டார். லாப்ரியின் உண்மையான இறையியல் நூல் ஈடித்தின் சமையலறைதான் என்று சொன்னால் மிகையாகாது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையை ஷேஃபரே பின்னால் எழுதினார். முதல் சில ஆண்டுகளிலேயே கல்யாணப் பரிசுகள் எல்லாம் காலியாகிவிட்டன. படுக்கை விரிப்புகள் கிழிந்தன, கம்பளங்களில் சிகரெட் நெருப்பு பொத்தல் போட்டது, போதையில் வந்தவர்கள் வாந்தியெடுத்தார்கள். ‘உங்கள் வீட்டில் இப்படி நடந்திருக்கிறதா?’ என்பது, அமெரிக்கச் சபையாரை நோக்கி அவர் எழுப்பிய கேள்வியின் சாரம்.

டச்சுக் கலை வரலாற்றாளர் ஹான்ஸ் ரூக்மாக்கரின் நட்பு 1948-இல், கறுப்பின மக்களின் இசை பற்றிய பேச்சில் தொடங்கி விடியவிடிய நீண்டது. ஓவியத்தைப் பார்க்க ஷேஃபர் அவரிடம் கற்றுக்கொண்டார். மாணவர்கள் சினிமாவுக்குப் போவதைத் தடைசெய்திருந்த கிறிஸ்தவக் கல்லூரிகளில் போய், பெர்க்மன், ஃபெலினி படங்களைப் பற்றி உரையாற்றினார். அந்தப் படங்களில் இருப்பது ஒரு தலைமுறையின் அழுகை, அதைக் கேட்காமல் சுவிசேஷம் சொல்ல முடியாது என்பது அவர் கட்சி. சினிமா பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்ட நம்மூர் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனாலும் அவர் எல்லா நேரமும் காதுகொடுத்துக் கேட்டவர் அல்லர். 1968-இல் வந்த ‘தி காட் ஹூ இஸ் தேர்’ நூலில் ஒரு சம்பவம் சொல்கிறார். கேம்பிரிட்ஜில் ஒரு மாணவர் அறை. ஓர் இந்திய மாணவர் கிறிஸ்தவத்தைக் கடுமையாக எதிர்த்துப் பேசுகிறார். ‘உங்கள் தத்துவப்படி கொடுமையும் கொடுமையின்மையும் கடைசியில் ஒன்றுதானே?’ என்கிறார் ஷேஃபர். மாணவர் ஆமோதிக்கிறார். உடனே அறைக்குச் சொந்தக்காரர், தேநீருக்காகக் கொதித்துக்கொண்டிருந்த கெட்டிலை எடுத்து இந்தியரின் தலைக்கு மேலே பிடிக்கிறார். இந்தியர் எழுந்து இருட்டில் போய்விடுகிறார்.

ஷேஃபரின் அபிமானிகள் இந்தக் கதையைப் பெரிய வெற்றியாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லாம் ஒன்றே என்னும் அத்வைதத்திலும்கூட வாழ்க்கை நடைமுறையில் அறம் அறம்தான், கொடுமை கொடுமைதான். அகிம்சையைத் தலையாய அறமாகக் கொண்ட மரபுகள் பிறந்த நாட்டிலிருந்து வந்தவரை, ஒற்றை வாக்கியத்தில் மடக்கியிருக்கிறார்கள். அவர் வெளியே போன பிறகு யாராவது பின்னால் போய்க் கூப்பிட்டார்களா என்றுதான் நான் அறிய விரும்புகிறேன். ஹ்யூமோ வீட்டில் என்றால் ஈடித் போயிருப்பார்.

ஷேஃபரின் நூல்களில் அவர் ஆதரவாளர்கள் அதிகம் பேசாத ஒன்று 1970-இல் வந்தது. சுற்றுச்சூழல் சீரழிவைப் பற்றியது. இயற்கையை நாசமாக்கும் மனப்பான்மைக்குக் கிறிஸ்தவமே வேர் என்று வரலாற்றாளர் லின் ஒயிட் 1967-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியிருந்தார். பழமைவாதிகள் கொதித்தெழ வேண்டிய இடம். ஷேஃபரோ தன் மக்கள் பக்கம் திரும்பினார். அந்த நூலில் ஒரு சம்பவம் சொல்கிறார். ஒரு கிறிஸ்தவக் கல்லூரி, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கட்டற்ற வாழ்க்கை வாழ்ந்த கலைஞர் கூட்டம். ஷேஃபர் பள்ளத்தைத் தாண்டிப் போனார். அங்கே மரங்களை அருமையாகப் பேணியிருந்தார்கள், மின்கம்பிகளைக்கூடக் கண்ணில் படாதபடி மரங்களின் மட்டத்துக்குக் கீழே கொண்டுபோயிருந்தார்கள். அங்கே நின்று இந்தப் பக்கம் பார்த்தால் கிறிஸ்தவக் கல்லூரி அவலட்சணமாகத் தெரிந்தது. கல்லூரிப் பக்கத்திலிருந்து வந்து தங்கள் இடத்தைப் பார்த்த முதல் ஆள் அவர்தான் என்றார்கள். கடவுள் படைத்த மரத்தைக் கடவுளுக்காகவே மதிக்க வேண்டும் என்று அவர் வாதாடியது வேதத்தை நெகிழ்த்தி அல்ல, ஆதியாகமத்தை அப்படியே நம்பி.

1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை அங்கீகரித்தது. அதன் பிறகு ஷேஃபரின் பாதை மேடைப் பக்கம் திரும்பியது. 1977-இல் மேற்கத்திய நாகரிகத்தைப் பற்றிய திரைப்படத் தொடர். 1979-இல் கருக்கலைப்புக்கும் கருணைக்கொலைக்கும் எதிரான நூலும் படமும். 1981-இல், தேவைப்பட்டால் அரசுக்குக் கீழ்ப்படிய மறுக்கலாம் என்று வாதிடும் ‘எ கிறிஸ்டியன் மேனிஃபெஸ்டோ’. அமெரிக்கா கிறிஸ்தவ அடித்தளத்தில் எழுந்தது என்ற அவரது வாதத்தை, மார்க் நோல், ஜார்ஜ் மார்ஸ்டன் என்ற இரு வரலாற்றாளர்கள் கடிதங்களில் மறுத்தார்கள். அவர்களும் விசுவாசிகளே. ஷேஃபர் இணங்கவில்லை. கருவிலிருக்கும் உயிருக்காக அவர் பேசியதன் உண்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அரங்கு நிறைந்த கூட்டத்தில் எதிராளி மேசைக்கு அந்தப்புறம் இருப்பதில்லை, திரையில்தான் இருக்கிறார். நிறப்பாகுபாட்டையும் இரக்கமில்லாத செல்வக் குவிப்பையும் சபை கண்டிக்கத் தவறியது என்று அந்த 1977 திரைப்படத் தொடரின் நூலில் எழுதியிருந்தார். அவரைக் கொடியாகப் பிடித்த அரசியல் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விட்டது. 1984 மே 15-இல் புற்றுநோயில் அவர் காலமானார்.

1979 நூலை அவரோடு சேர்ந்து எழுதியவர் எவரெட் கூப், பிலடெல்பியாவின் குழந்தைகள் அறுவைச் சிகிச்சை நிபுணர். ஷேஃபரைப் போலவே உறுதியான விசுவாசி. அந்தப் பெயரால்தான் ரீகன் அரசில் நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி ஆனார். பழமைவாதிகள் அவரிடம் எதிர்பார்த்தது வேறு. எய்ட்ஸ் பரவியபோது, நோயாளிகளின் ஒழுக்கத்தைப் பற்றி உபதேசிக்க மறுத்து, 1986 அறிக்கையில் நோயின் வழிகளைப் பச்சையாக எழுதினார். பள்ளிகளில் பாலியல் கல்வி வேண்டும், ஆணுறை பயன்படுத்துங்கள் என்றார். 1988-இல் நாட்டின் 10 கோடியே 70 லட்சம் வீடுகளுக்கு விளக்கக் கையேடு தபாலில் போனது. அவரைப் பதவியில் அமர்த்தப் போராடிய நண்பர்கள் பலர் துரோகி என்றார்கள். கருக்கலைப்பு பற்றியோ திருமண ஒழுக்கம் பற்றியோ தன் நம்பிக்கைகளில் எதையும் கூப் கைவிடவில்லை. 2013-இல் இறக்கும்வரை அதே விசுவாசத்தில் இருந்தார்.