இறால் வளர்ப்பில் நோய்த் தடுப்பு

நோய் கண்டபின் மருந்து தேடுவதிலும் நோய் வராமற் காப்பதே மேல் என்பதைக் கமக்காரர் நன்கறிவர். இவ்வுண்மை இறாலுக்கு இன்னும் இறுக்கமாகப் பொருந்தும். நோயுற்ற நெற்பயிரை ஓரளவேனும் காக்க வழியுண்டு. வெண்புள்ளி நோய் கண்ட இறாலைக் காக்க மருந்தே இல்லை.

வெண்புள்ளி நோய்

இந்நோயை உண்டாக்குவது ஒரு வைரசு. 1992ஆம் ஆண்டளவில் கிழக்காசியாவில் முதன்முதலாகக் காணப்பட்ட இது, 1996ஆம் ஆண்டில் புத்தளம் மாவட்டத்துப் பண்ணைகளைத் தாக்கியது. பலர் முதலையும் இழந்து பண்ணைகளைக் கைவிட்டனர். நோயுற்ற இறால் உணவை வெறுக்கும். சோர்ந்து குளத்தின் ஓரத்தை நாடும். உடல் சிவந்து, ஓட்டில் வெண்ணிறப் புள்ளிகள் தோன்றுவதும் உண்டு. மூன்று முதல் பத்து நாட்களுக்குள் குளத்து இறால் முழுவதும் அழிந்துபோகலாம். மனிதருக்கு இவ்வைரசினால் தீங்கில்லை.

மீனும் இறாலும் ஒன்றல்ல

மீனின் உடல் ஒருமுறை எதிர்த்த நோய்க்கிருமியை நினைவில் வைத்து, மறுமுறை அதனை விரைந்து எதிர்க்கும். ஆகையால் மீனுக்குத் தடுப்பூசி பயன்தரும். நோர்வே நாட்டுச் சல்மன் மீன் பண்ணைகளில் 1987ஆம் ஆண்டில் ஏறக்குறைய 50 தொன் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து செலவாயிற்று. நல்ல தடுப்பூசிகள் வழக்கத்துக்கு வந்தபின், மீன் உற்பத்தி பன்மடங்கு பெருகியும், அம்மருந்தின் செலவு ஒரு தொன்னளவுக்குக் குறைந்தது.

இறால், நண்டு, சிப்பி ஆகியவற்றுக்கு இத்தகைய நினைவாற்றல் கொண்ட எதிர்ப்புச் சக்தி இல்லை. இறாலின் குருதியிலுள்ள கலங்கள் நுழைந்த கிருமியை விழுங்கியும், கருநிறப் பொருளால் மூடியும் எதிர்க்கும். இவ்வெதிர்ப்பும் நீர் கெட்டு உடல் நலிந்தால் தளர்ந்துவிடும். எனவே இறாலைக் காப்பன நல்ல குஞ்சும், நல்ல நீரும், வளர்ப்போரின் கவனமுமே.

குளத்தை ஆயத்தஞ் செய்தல்

அறுவடை முடிந்ததும் நீரை வடித்து, நிலம் வெடிக்கும்வரை வெயிலிற் காயவிடல் வேண்டும். அடியிற் படிந்த கரிய சேற்றை அகற்றி, மழைநீரோடு திரும்பி வராத தூரத்தில் இடுக. பின்னர் மண்ணின் புளிப்புக்கேற்பச் சுண்ணாம்பு இடுதல் நன்று. நீரை நுண்ணிய வலைத்துணியால் வடிகட்டியே உள்ளே விடல் வேண்டும். நண்டும் காட்டு இறாலும் வைரசைச் சுமந்து வருவன. வரம்பைச் சுற்றித் தாழ்ந்த வேலியிட்டால் நண்டு நுழையாது.

குஞ்சும் உணவும்

பதர் கலந்த விதைநெல்லை எவரும் விதையார். அதுபோலச் சோதியாத இறாற்குஞ்சை வாங்குதலும் தகாது. குஞ்சில் வைரசு உண்டா என்பதைப் பீ.சீ.ஆர். என்னும் ஆய்வுகூடச் சோதனையால் அறியலாம். குஞ்சை நெருக்கி விடுவதும் நோய்க்கு இடங்கொடுக்கும்.

உணவை அளவோடு இடுக. உணவுத் தட்டிலே மீதி காணப்படின் அடுத்த வேளை குறைத்திடல் வேண்டும். எஞ்சிய உணவு அழுகி நீரிலுள்ள ஒட்சிசனைக் குறைக்கும். ஒட்சிசன் மிகக் குறைவது விடியற்காலையிலாகையால், அப்பொழுதே அளந்து பார்த்தல் வேண்டும். ஒரு லீற்றர் நீரில் 4 மில்லிகிராமிற் குறைதல் ஆகாது. பெருமழையினால் நீரின் வெப்பமும் உப்பும் திடீரெனக் குறையும்போது இறால் நலிந்து நோய் தலைகாட்டும். அந்நாட்களிற் கூடிய கவனம் வேண்டும்.

அயலாருடன் ஒற்றுமை

ஒரே வாய்க்காலில் நீர் பெறும் வயல்களை ஒரே காலத்தில் விதைக்கக் கூட்டங்கூடி நாட்குறிப்பது நெற்செய்கையாளர் வழக்கம். முன்னும் பின்னுமாக விதைத்தால் பூச்சிக்கு இடையறாது உணவு கிடைத்துவிடும். இறால் வளர்ப்புக்கும் இவ்வழக்கமே வேண்டும். புத்தளம் பகுதியிற் பல பண்ணைகள் டச்சுக் கால்வாயிலிருந்து நீர் எடுத்துக் கழிவுநீரையும் அதிலேயே விட்டமையால், ஒருவர் குளத்து நோய் பலர் குளங்களுக்குப் பரவிற்று. இதனைத் தடுக்கவே பின்னர்ப் பண்ணைகளை வலயங்களாகப் பிரித்து, குஞ்சு விடும் காலத்தை வலயந்தோறும் குறிக்கும் முறை வகுக்கப்பட்டது.

நோய் கண்டால்

ஒருவர் குளத்தில் நோய் கண்டால் மதகைத் திறவாமல் மூடிவைத்து, அயலாருக்கும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் உத்தியோகத்தருக்கும் உடனே அறிவித்தல் வேண்டும். நீரைக் குளோரீனிட்டுத் தூய்மையாக்கிய பின்னரே உத்தியோகத்தரின் அறிவுரைப்படி வெளியேற்றலாம். இறந்த இறாலைக் கால்வாயில் எறியாது, சுண்ணாம்பிட்டுப் புதைக்க. ஒரு குளத்து வலை, வாளி முதலியவற்றை மறு குளத்திற் பயன்படுத்தலாகாது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பற்றீரியாவை அழிக்குமேயன்றி வைரசை அழியா. அவற்றை இடுவது வீண் செலவு. அம்மருந்தின் எச்சம் காணப்பட்ட இறாலை வெளிநாட்டார் வாங்கவும் மறுப்பர்.

நட்டத்துக்கு அஞ்சி இரவோடிரவாக நோய்நீரைக் கால்வாயில் விடுபவர் தம் இறாலைக் காத்துக்கொள்வதில்லை. அயலாரின் இறாலையும் அழித்துவிடுகின்றார். அடுத்த போகத்தில் அந்நோய் அதே கால்வாய் வழியே அவர் குளத்துக்குத் திரும்பி வரும். காலத்தோடு சொல்லப்படும் ஒரு சொல் ஊரார் அனைவரின் முதலையும் காக்கும்.