தாலி கட்டும் நேரத்தில் கேமரா எங்கே நிற்க வேண்டும்?

வானொலி வேலையோடு, கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் திருமண நிகழ்ச்சிகளை வழிநடத்தவும் என்னை அழைப்பார்கள். மேடையோரம் மைக்கோடு நிற்கும்போது ஒரு காட்சி அடிக்கடி கண்ணில் படும். கெட்டிமேளம் முழங்கும். அட்சதையோடு எல்லாரும் எழுந்து நிற்பார்கள். மணமக்களுக்கும் அவர்களுக்கும் நடுவே புகைப்படக்காரர்களின் முதுகு வரிசை! பேத்தி கழுத்தில் தாலி ஏறியதைப் பாட்டி பிறகு ஆல்பத்தில்தான் பார்க்க வேண்டும்.

புகைப்படக்காரரை அமர்த்தும்போது நாம் கேட்பதெல்லாம் பேக்கேஜ் எவ்வளவு, டிரோன் உண்டா, கேண்டிட் எடுப்பீர்களா என்பதுதான். 'தாலி கட்டும்போது எங்கே நிற்பீர்கள்?' என்று கேட்பவர்கள் குறைவு. ஒருவருடைய பாணி அந்தப் பதிலில்தான் தெரியும்.

வரிசையில் நிறுத்தி எடுப்பது பழைய பாணி. நடப்பதை நடந்தபடியே எடுப்பது கேண்டிட். சினிமா போல இயக்கி எடுப்பது இன்னொன்று. மூன்றிலும் அழகு உண்டு. ஆனால் சினிமா பாணியை முகூர்த்தத்துக்குள் கொண்டுவந்தால், 'இன்னொரு தடவை கட்டுங்க தம்பி' என்பதில் போய் முடியும். அதை முதல் நாள் படப்பிடிப்போடு நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். மற்ற இரண்டையும் நாத்தனார் போடுவது நம்மில் பலருடைய வழக்கம். எல்லாம் சில நொடிகள். மணப்பெண்ணின் முகம் முன்னால், முடிச்சு பின்னால். அதனால் ஒருவர் மேடையின் பக்கவாட்டில் முட்டி போட்டும், இன்னொருவர் மண்டபத்தின் நடுப்பாதையில் 70-200 மில்லிமீட்டர் லென்ஸோடும் இருந்தால், இரண்டும் கிடைக்கும், யாரையும் மறைக்காது.

1996 செப்டம்பரில் அமெரிக்காவின் கம்பர்லண்ட் தீவில் ஜான் எப். கென்னடி ஜூனியரின் திருமணம் ரகசியமாக நடந்தது. சிற்றாலயத்தை விட்டு வெளியே வரும்போது அவர் மனைவியின் கையில் முத்தமிட்டார். டெனிஸ் ரெஜி அதை அப்படியே எடுத்தார். உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த ஒரு படத்தைத்தான்.

நம் தாத்தா பாட்டி வீட்டுச் சுவரிலும் பெரும்பாலும் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம்தான் இருக்கும். திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் நம் நாட்டில் 1982 மார்ச் 1ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் சடங்கோடு முடிந்த பல திருமணங்களுக்குச் சான்றிதழ் கிடையாது. பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் படம்தான் சாட்சி.

முன்பணம் கட்டும் முன் இவற்றைப் பேசி முடியுங்கள்:

• பிரிக்பீல்ட்ஸ் ஸ்ரீ கந்தசுவாமி கோயிலோ, கிள்ளான் ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் கோயிலோ, எங்கே திருமணம் என்றாலும் படம் எடுக்கும் விதிகளைக் கோயில் அலுவலகத்தில் கேளுங்கள்.

• கட்டாயம் வேண்டிய பத்துக் குடும்பப் படங்களை எழுதிக் கொடுங்கள். பெரியவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, பந்திக்கு முன்பே எடுத்துவிடுங்கள். உறவு முறை தெரிந்த சித்தப்பாவோ மாமாவோ ஒருவர் பக்கத்தில் இருந்து பெயர் சொல்லி அழைக்கட்டும்.

• படங்களை மூன்று பிரதிகளாக வையுங்கள். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். சிறியதாக இருந்தாலும் அச்சிட்ட ஆல்பம் ஒன்று வேண்டும்.

ஆயிரக்கணக்கில் படம் வரும். பத்து வருடம் கழித்து ஆல்பத்தைத் திறக்கும்போது, மணமக்களின் உடையைவிட, இன்று நம்மோடு இல்லாத ஒரு முகத்தைத்தான் முதலில் தேடுவோம். அந்த முகம் படத்திலும் இருக்க வேண்டும். அந்த முகூர்த்தத்தைத் தன் கண்ணாலும் பார்த்திருக்க வேண்டும்.