எவர்சில்வரின் தோல்

பித்தளைப் பாத்திரத்தில் புளி கரைத்து வைத்தால் களிம்பு ஏறும். அதற்காகத்தான் உள்ளே ஈயம் பூசினார்கள். எவர்சில்வரிலோ ரசம் இரவு முழுக்கக் கிடந்தாலும் பாத்திரத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. இத்தனைக்கும் அதில் பத்தில் ஏழு பங்கு இரும்புதான். புளியின் அமிலம் அந்த இரும்பை ஏன் அரிக்கவில்லை?

விடையின் தொடக்கம் 1836-இல் இருக்கிறது. பாசல் நகர வேதியியலாளர் ஷோன்பைன் ஒரு விந்தையை ஆராய்ந்தார். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இரும்பு பொங்கிக் கரைகிறது. அடர் நைட்ரிக் அமிலத்தில் அசையாமல் கிடக்கிறது. அதை எடுத்து நீர்த்த அமிலத்தில் மெல்ல இறக்கினால் அங்கும் கரைவதில்லை. மேற்பரப்பைச் சுரண்டினால் மறுபடி பொங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் இரும்பை மூடியிருக்க வேண்டும் என்று லண்டனில் ஃபாரடே ஊகித்தார்.

வெறும் இரும்பில் அந்தப் படலம் நிலைப்பதில்லை. நிலைக்க வைப்பது குரோமியம். 1913-இல் ஷெஃபீல்டில் துப்பாக்கிக் குழாய்க்கு எஃகு தேடிய ஹாரி பிரியர்லி, சுமார் 13 சதவீதம் குரோமியம் சேர்த்த எஃகு அமிலத்துக்கு அசையாததைக் கண்டார். எலுமிச்சைச் சாறும் வினிகரும்கூட அதை அரிக்கவில்லை. நம் எவர்சில்வரும் இந்த வகை எஃகுதான். குரோமியம் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து ஓரிரு நானோமீட்டர் தடிமனில் தோல் போர்த்துகிறது. தேய்க்கும்போது கீறல் விழுந்தால், அந்த இடத்தில் உடனே புதுத்தோல் வளர்கிறது.

ஆகவே, எவர்சில்வருக்கு ஓர் அமிலம் நண்பனா பகைவனா என்பது அது இந்தத் தோலை என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தது. நைட்ரிக் அமிலம் ஆக்சிஜனேற்றி; தோலை வளர்க்கும். தொழிற்சாலைகளில் புதுப் பொருள்களை அதில் முக்கி, ஒட்டியிருக்கும் இரும்புத் துகள்களைக் கரைத்தெடுக்கிறார்கள். இந்த வேலைக்கு ‘பாசிவேஷன்’ என்று பெயர். ஹைட்ரோகுளோரிக் அமிலம் நேர்மாறு. அதிலுள்ள குளோரைடு தோலைத் துளைக்கும். அமிலம் உள்ளிருக்கும் உலோகத்தைக் கரைக்கும்.

சமையல் உப்பும் குளோரைடுதான். குளிர்ந்த நீரில் கல் உப்பைப் போட்டுக் கலக்காமல் விட்டால், அது அடியில் தங்கி ஊசிமுனை அளவுக் குழிகளைப் பறிக்கும். உப்பைத் தாங்க வேண்டிய இடங்களில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த ‘316’ ரக எவர்சில்வரைப் பயன்படுத்துகிறார்கள்.

வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். தண்ணீர் கொதித்தபின் உப்பைப் போட்டுக் கலக்குங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட்டை எவர்சில்வர் தொட்டியில் ஊற்றாதீர்கள். பாத்திரத்தைக் கழுவி, ஈரம் வடியக் கவிழ்த்து வையுங்கள். காற்றுப் பட்டால் போதும். தோலை அதுவே வளர்த்துக்கொள்ளும்.