நட்டாற்றில் விடலாமா?

உசிலம்பட்டிப் பக்கத்து உழவன் ஒருவன் கொலை வழக்கிலே ஆயுள் தண்டனை பெற்று, மதுரை மத்திய சிறையிலே கிடக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மனைவி காதுத் தோட்டை விற்று, உயர்நீதிமன்ற மதுரைக் கிளையிலே அப்பீல் போட்டிருக்கிறாள். விசாரணை நெருங்கும் வேளையில் வக்கீல் சொல்கிறார்: "இனி நான் வரமாட்டேன்." அவர் விலகலாமா? விலகினால் அந்த உழவன் கதி என்ன?

வக்கீல் ஒன்றும் கொத்தடிமையல்ல. உடல்நலம் கெடலாம், கட்சிக்காரரோடு நம்பிக்கை முறியலாம். விலக அவருக்கு உரிமை உண்டு. ஆனால் விலகுவது வேறு, கைவிடுவது வேறு!

பார் கவுன்சில் விதி என்ன சொல்கிறது? ஏற்றுக்கொண்ட வழக்கைத் தக்க காரணமின்றி விடக்கூடாது. கட்சிக்காரருக்குப் போதிய முன்னறிவிப்புத் தரவேண்டும். செய்யாத வேலைக்கு வாங்கிய ஃபீசைத் திருப்பித் தரவேண்டும். ஃபீஸ் பாக்கி என்று கேஸ் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் முடியாது. 2000-ஆம் ஆண்டு ஆர்.டி. சக்சேனா வழக்கிலே உச்ச நீதிமன்றம் அதை நெறிகெட்ட செயல் என்றது. விலகிய பின்னும், கட்சிக்காரர் நம்பிச் சொன்ன இரகசியத்தை வெளியிடக்கூடாது.

ஊரே எதிர்க்கிறது என்பது காரணமாகுமா? ஆகாது. போலீசாருக்கும் வக்கீல்களுக்கும் மோதல் நடந்தபோது, குற்றம் சாட்டப்பட்ட போலீசாருக்காக யாரும் வாதாடக்கூடாது என்று கோவை வக்கீல்கள் சங்கம் தீர்மானம் போட்டது. அத்தகைய தீர்மானங்கள் செல்லாது என்று 2010-இலே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போலீஸ்காரருக்கே அந்த உரிமை உண்டென்றால், போலீஸ் வழக்குப் போட்ட தொழிலாளிக்கு இல்லாமற் போகுமா?

வக்கீல் வராவிட்டால் கேடு என்ன என்று கேட்கலாம். வக்கீல் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கிரிமினல் அப்பீலைத் தள்ளுபடி செய்யக்கூடாது என்பது 1996-ஆம் ஆண்டு பானி சிங் வழக்கின் தீர்ப்பு. ஆனால் வழக்கு ஏடுகளைப் படித்துப் பார்த்து, வக்கீல் இல்லாமலே தீர்ப்புச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதும் அதே தீர்ப்புதான்! சிறையிலிருப்பவனுக்கு அரசு செலவில் வக்கீல் அமர்த்தலாம் என்றும் அது சொல்கிறது. அதைச் செய்ய வேண்டுமானால், வக்கீல் விலகிய சேதி நீதிபதிக்கு முன்கூட்டியே தெரிய வேண்டாமா? சொல்லாமல் நழுவுகிறவர் அந்த வாய்ப்பையும் பறிக்கிறார்.

ஆகவே நாம் கேட்பது பெரிதல்ல. விலகும் வக்கீல் கட்சிக்காரருக்கு எழுத்தில் தெரிவிக்கட்டும். நீதிமன்றத்தின் அனுமதி பெறட்டும். அடுத்த வாய்தா தேதியைச் சொல்லட்டும். கேஸ் கட்டை ஒப்படைக்கட்டும். வேறொருவர் வந்து நிற்கும்வரை காத்திருக்கட்டும். புதிதாக வருபவருக்கும் படிக்க நேரம் வேண்டும். ஆயுள், தூக்கு வரக்கூடிய வழக்குகளில் இலவச வக்கீலாக அமர்த்தப்படுபவருக்குப் பத்தாண்டு அனுபவமாவது இருக்கவேண்டும்; வழக்கைத் தயாரிக்க ஏழு நாளாவது தரவேண்டும் என்று 2019-இலே உச்ச நீதிமன்றம் வகுத்திருக்கிறது.

தோழர்களே! 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் சிறையில் இருப்பவருக்கும், பெண்களுக்கும், ஆலைத் தொழிலாளிக்கும் இலவச வக்கீலைப் பெறும் உரிமை தந்திருக்கிறது. மதுரைக் கிளையிலேயே அதற்கான குழு இருக்கிறது. இது பிச்சையல்ல, சட்டம் தந்த உரிமை. தெருவில், ஆலையில், வயலில் உள்ள ஒவ்வொருவருக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள். சிறைக்குள்ளே இருப்பவன் ஓடிவந்து வேறு வக்கீலைத் தேட முடியாது. அவனுக்காக வெளியே இருக்கும் நாம்தான் நடக்கவேண்டும்!