திரையில் தெரியும் இலையின் நிறம்

குத்தகைக் காணியில் கடன்பட்டு நெல் விதைத்த குடும்பத்துக்கு, தேவையற்ற யூரியாவை வீசுவது பெரும் நட்டம். நைதரசன் கூடினால் பயிர் சாயும். எரிபந்த நோயும் கபில நிறத் தத்தியும் இலகுவில் தாக்கும்.

மஞ்சளான இலையைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து விவசாயப் போதனாசிரியருக்கு அனுப்பி ஆலோசனை கேட்பது இன்று நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆனால் ஒரே படம் இரு திரைகளில் இரு நிறமாகத் தெரிவதுண்டு. இதற்குக் காரணம் என்ன?

திரையிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று சிறு ஒளிகளால் ஆனது. இவை கூடிக் குறைவதாலேயே எல்லா நிறங்களும் உண்டாகின்றன. நீலம் குறைந்தால் படம் முழுவதும் மஞ்சளாகும். நல்ல பச்சை இலையும் நோயுற்றதாகத் தோன்றும். திரை பழசாகும்போதும், ‘இரவு ஒளி’ வசதியைப் பாவிக்கும்போதும் இவ்வாறு நேரலாம்.

கணனியில் படம் பார்ப்பவர் செய்யவேண்டியவை:

1. கணனியைப் போட்டு அரை மணி நேரம் விடவேண்டும். திரையில் வெயில் படக்கூடாது.

2. இரவு ஒளியையும், பிரகாசம் தானாக மாறும் வசதியையும் நிறுத்தவேண்டும்.

3. திரையின் வெண்மையை 6500 கெல்வின் என வைக்கவேண்டும். இது பகல் வெளிச்சத்தின் வெண்மைக்கு ஒப்பானது.

4. 2009இல் வெளிவந்த விண்டோஸ் 7 முதல், நிறத்தைச் சரிசெய்யும் வசதி கணனிக்குள்ளேயே உண்டு. அது காட்டும் சாம்பல் நிறத்தில் வேறு நிறம் கலவாமல் தெரியும்வரை மூன்று ஒளிகளையும் கூட்டிக் குறைக்கவேண்டும்.

நமது கண் எந்த நிறத்துக்கும் விரைவில் பழகிவிடும். ஆகவே முழுத் துல்லியம் வேண்டுமாயின், திரையின்மேல் வைத்து நிறத்தை அளக்கும் கருவி தேவை.

படம் அனுப்புபவர் செய்யவேண்டியவை:

1. நிழலில் வைத்துப் படமெடுங்கள். இலைக்கருகில் வெள்ளைக் கடதாசி ஒன்றை வையுங்கள். திரையில் கடதாசியும் மஞ்சளாகத் தெரிந்தால் இலையின் மஞ்சளை நம்பமுடியாது.

2. எந்த இலை முதலில் மஞ்சளாகியது என்பதை எழுதி அனுப்புங்கள். முதிர்ந்த கீழ் இலைகள் எனில் நைதரசன் குறைபாடாகவும், இளம் இலைகள் எனில் கந்தகக் குறைபாடாகவும் இருக்கலாம். இவ்விபரத்தை எந்தத் திரையும் மாற்றிக் காட்டாது.

யூரியா இடுவதைத் தீர்மானிக்கத் திரையைவிட இலை நிற அட்டையே பொருத்தமானது. முழுமையாக விரிந்த இளம் இலையின் நடுப்பகுதியை, உங்கள் உடலின் நிழலில் பிடித்து, அட்டையின் பச்சைப் பட்டைகளோடு ஒப்பிடுங்கள். ஒருவரே, நாளின் ஒரே வேளையில், 10 இலைகளைப் பார்ப்பது நல்லது. இவ்வட்டையைப் பற்றி உங்கள் பகுதிப் போதனாசிரியரிடம் விசாரித்தபின் பசளை வாங்குவோம்.